காஸ்பியன் ஆழ்நீர் கோபி: எழுத்துத் தேர்வுக்கும் ஸ்பாட்டருக்கும்

விலங்கியல் தேர்வில் 'காஸ்பியனின் ஆழ்நீர் கோபி பற்றி எழுதுக' என்று கேட்டால் (கோபி என்பது அடித்தளத்தில் வாழும் ஒரு மீன் குடும்பம்), பலரும் துடுப்புக் கணக்கில் தொடங்கிவிடுகிறார்கள். காஸ்பியன் கடலில் இருந்து தொடங்குங்கள். வடபகுதியின் சராசரி ஆழம் சுமார் 5 மீட்டர்தான். நடுப்பகுதி 788 மீட்டர் வரையும் தென்பகுதி ஏறக்குறைய 1,025 மீட்டர் வரையும் இறங்குகிறது. உப்பு 1,000க்கு 12–13, பெருங்கடலில் உள்ளதில் மூன்றில் ஒரு பங்கு. கருங்கடலில் சுமார் 150–200 மீட்டருக்குக் கீழே ஆக்சிஜன் இல்லை, ஹைட்ரஜன் சல்ஃபைடுதான். காஸ்பியனில் குளிர்கால நீர்க்கலப்பு ஆக்சிஜனைக் கீழே கொண்டுபோகிறது. கோபிகள் அங்கே ஆழத்துக்குப் போக முடிந்ததற்கான விடை இதில்தான் இருக்கிறது. இந்த ஒப்பீட்டை விட்டால் மற்றதெல்லாம் வெறும் விவரப் பட்டியல்.

அடுத்து பெயர். போன்டிகோலா பாதிபியஸ் (கெஸ்லர், 1877) என்று, இனத்துக்கு முதலில் பெயரிட்டவரை அடைப்புக்குறிக்குள் எழுத வேண்டும். கெஸ்லர் கோபியஸ் பேரினத்தில் வைத்த மீன் பின்னர் வேறு பேரினத்துக்கு மாறியது. இன்னொரு கோபியான பெந்தோஃபிலஸ் க்ரிம்மி கெஸ்லர், 1877 என்பதற்கு அடைப்புக்குறி கிடையாது, பேரினம் மாறவில்லை. பழைய நூல்களில் வரும் நியோகோபியஸ் பாதிபியஸும் போன்டிகோலா பாதிபியஸும் ஒரே மீன். இரண்டையும் தனித்தனி இனமாக எண்ணி அட்டவணை போடுவது அடிக்கடி நடக்கிற பிழை. கையால் எழுதும்போது பேரினம், சிற்றினம் இரண்டுக்கும் தனித்தனியே அடிக்கோடு இடுங்கள்.

ஸ்பாட்டரில், அதாவது வைத்திருக்கும் மாதிரியைப் பார்த்து அடையாளம் சொல்லும் செய்முறைத் தேர்வில், முதலில் வயிற்றைப் பாருங்கள். இடுப்புத் துடுப்புகள் இணைந்து வட்டாக இருந்தால் கோபி பக்கம் போகலாம். கோபி போலத் தோன்றும் வேறு மீனான ஸ்கல்பினில் அவை தனித்தனி. ஃபார்மலினில் கிடந்த மாதிரியில் வட்டு வயிற்றோடு ஒட்டி மடிந்திருக்கும், இடுக்கியால் மெல்ல விரிக்காமல் 'இல்லை' என்று எழுதிவிடாதீர்கள். பிறகு முதுகில் இரண்டு துடுப்புகள். உடலில் பக்கக்கோடு (நீரின் அசைவை உணரும் உறுப்பு வரிசை) இல்லை, உணர்குழாய்த் துளைகள் தலையில் மட்டும். உடலில் எலும்புக் கரணைகள் வரிசையாக இருந்தால் பெந்தோஃபிலஸ். வாத்தின் அலகு போலத் தட்டையாக நீண்ட மூக்கு என்றால் அனாடிரோஸ்ட்ரம் ப்ரோஃபண்டோரம், அந்தப் பேரினத்தில் அது ஒன்றே. நிறத்தை நம்பாதீர்கள், ஆல்கஹாலில் மங்கிவிடும். நியோகோபியஸ் மெலனோஸ்டோமஸ் என்ற கோபியின் முதல் முதுகுத் துடுப்பில் உள்ள கரும்புள்ளி மட்டும் ஓரளவு உதவும்.

'ஆழ்நீர்' என்ற சொல்லைக் கண்டதும் ஒளி உறுப்பு, நீண்ட பற்கள் என்று எழுதி மதிப்பெண் இழப்பவர்களும் உண்டு. காஸ்பியனின் இந்த மீன்கள் ஆழமற்ற உவர்நீர் கோபிகளின் உறவினங்கள். ஒளி உறுப்பு எதுவும் இவற்றுக்கு இல்லை.