பழைய மாத்திரைக்குத் திரும்பலாமா? ஒரு கேஸ் ஷீட்டுக்காக அலைந்த அனுபவம்

புதிய தலைமுறை மனநோய் மருந்தான ஓலான்சபின் மாத்திரையால் தம்பிக்குக் காதில் கேட்ட குரல்கள் அடங்கின. அதே மாத்திரையால் அவனுடைய எடை ஓராண்டுக்குள் 58 கிலோவிலிருந்து 76 கிலோவுக்கு ஏறி, வெறும் வயிற்றுச் சர்க்கரை 130ஐத் தாண்டியது. அப்பாவும் சர்க்கரை நோயாளி என்பதால், பழைய தலைமுறை மருந்தான ஹாலோபெரிடாலைக் குறைந்த அளவில் தந்து பார்க்கலாமா என்று மனநல மருத்துவர் கேட்டார். எங்களுக்குத் துணிவு வரவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு மருத்துவமனையில் இதே மருந்தைக் கொடுத்த மூன்றாம் நாள், அவனுடைய கழுத்து ஒரு பக்கமாகத் திருகிக்கொண்டு, கண்கள் மேலே செருகி, பேச்சே வராமல் போயிற்று. பணியில் இருந்தவர்கள் முதலில் வலிப்பு என்றார்கள், பிறகு நடிக்கிறான் என்றார்கள். அடுத்துப் பணிக்கு வந்த மருத்துவர் ப்ரோமெத்தசின் ஊசி போட்ட அரை மணி நேரத்துக்குள் எல்லாம் தளர்ந்தது. “நடிக்கிறான்” என்ற அந்தச் சொல்லை என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை.

“அப்போது எத்தனை மில்லிகிராம் கொடுத்தார்கள், கூடவே இப்படித் தசை இறுகாமல் தடுக்கும் டிரைஹெக்சிபெனிடில் கொடுத்தார்களா?” என்று மருத்துவர் கேட்டார். டிஸ்சார்ஜ் சம்மரியில் மருந்தின் பெயர் இருந்தது, அளவு இல்லை. கேஸ் ஷீட்டின் நகலைக் கேட்டு அந்த மருத்துவமனையின் பதிவேட்டுப் பிரிவுக்குச் சென்றபோது, போலீஸோ நீதிமன்றமோ கேட்டால்தான் தருவோம் என்றார் எழுத்தர். மறுபடி போனபோது நோயாளியே நேரில் வர வேண்டும் என்றார். தையல் கடையில் ஒரு நாள் கூலியை இழந்து தம்பி வந்து நின்றபோது, மனநோயாளியின் கையெழுத்து செல்லாது என்று அவன் முகத்துக்கு நேராகவே சொன்னார்.

மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017இன் 25ஆம் பிரிவு, தன்னுடைய அடிப்படை மருத்துவப் பதிவுகளைப் பெறும் உரிமையை நோயாளிக்கே தருகிறது. அந்தப் பிரிவைக் குறிப்பிட்டுத் தம்பியே கையெழுத்திட்ட மனுவைக் கண்காணிப்பாளர் அலுவலகத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிய பிறகுதான் காகிதம் நகர்ந்தது. மனு எழுதுபவர்கள் மருந்து அட்டவணையையும் செவிலியர் குறிப்புகளையும் தனித்தனியே பெயர் சொல்லிக் கேளுங்கள். பொதுவாகக் கேட்டால் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் நகலெடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள்.

செவிலியர் குறிப்புகளில்தான் எங்களுக்கு வேண்டியது இருந்தது. முதல் நாளே 10 மில்லிகிராம் கொடுத்திருக்கிறார்கள், டிரைஹெக்சிபெனிடில் சேர்க்கவில்லை. “நோயாளி உட்காராமல் நடந்துகொண்டே இருக்கிறார்” என்று மறுநாள் எழுதியதும் அளவு 20 ஆகியிருக்கிறது. உட்காரவிடாத அந்தத் தவிப்பு நோயின் வேகமாகவும் இருக்கலாம், மருந்தே உண்டாக்கியதாகவும் இருக்கலாம் என்றும், இரண்டாவதாக இருந்தால் அளவைக் கூட்டுவது நிலைமையை மோசமாக்கும் என்றும் மருத்துவர் விளக்கினார். இளம் ஆண்களுக்குத்தான் தசைப்பிடிப்பு அதிகம் வருகிறது, அதுவும் பெரும்பாலும் முதல் சில நாட்களில். ஆக, நாங்கள் அஞ்சியதில் பெரும் பங்கு அளவையும் வேகத்தையும் சேர்ந்தது.

பழைய, புதிய மனநோய் மருந்துகளை ஒப்பிட்டு 2005இல் வெளியான அமெரிக்காவின் கேட்டி (CATIE) ஆய்வைப் பற்றியும் அவர் சொன்னார். அதில் பெர்ஃபெனசின் என்னும் பழைய மருந்து, மிதமான அளவில் கொடுக்கப்பட்டபோது, பெரும்பாலான புதிய மருந்துகளுக்குச் சமமாக நின்றது. ஓலான்சபினை நோயாளிகள் சற்று அதிக காலம் தொடர்ந்தாலும், எடையையும் சர்க்கரையையும் கூடுதலாக ஏற்றியதும் அதுவே. பழைய மருந்துகளின் பெரிய ஆபத்து ஆண்டுகள் கழித்து வருவது. வாயும் நாக்கும் தாமாக அசையத் தொடங்கி, மருந்தை நிறுத்திய பின்னும் சிலருக்கு அது நீங்காமல் போகிறது. இளவயதினரில் ஆண்டுக்கு நூற்றுக்கு ஐந்து பேர் அளவில் இது வரும், முதியவர்களுக்கு இன்னும் அதிகம் என்று அவர் மறைக்காமல் சொன்னதுதான் எங்களுக்கு நம்பிக்கை தந்தது.

முடிவை எடுத்தவன் தம்பி. “குண்டானாலும் தைக்கலாம்க்கா, கை நடுங்கினா எப்படித் தைக்கிறது?” என்று கேட்டான். நடுக்கம் தொடங்கினால் அந்த வாரமே மருந்தை மாற்ற வேண்டும் என்ற நிபந்தனையோடு ஒப்புக்கொண்டான். ஓலான்சபினைச் சில வாரங்களில் படிப்படியாகக் குறைத்து, ஹாலோபெரிடாலை 2.5 மில்லிகிராமில் தொடங்கி 5இல் நிறுத்தினார்கள். முதல் சில மாதங்கள் டிரைஹெக்சிபெனிடிலும் உண்டு. அது வாயை உலர்த்தும், மலச்சிக்கலும் மறதியும் தரும் என்பதால் இப்போது மெல்ல நிறுத்தியாகிவிட்டது. எடை குறைந்துவருகிறது, கை நடுங்கவில்லை. நாக்கை நீட்டச் சொல்லியும், விரல்களைத் தட்டச் சொல்லியும், நடக்கச் சொல்லியும் பார்க்கும் சோதனை ஆறு மாதத்துக்கு ஒருமுறை நடக்கிறது; மருத்துவர் மறந்தால் தம்பியே நினைவூட்டுகிறான்.

இம்மருந்தைத் தொடங்கும் வீட்டாருக்கு ஒன்று: கழுத்தோ கண்ணோ திருகிக்கொண்டால், மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துச் சென்று, மருந்து தொடங்கி எத்தனை நாளாயிற்று என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். கடுங்காய்ச்சலோடு உடல் விறைத்தால் விடியும் வரை காத்திருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குக் கொண்டுசெல்லுங்கள்.