வீட்டு மாமரம் சாய்ந்துவிட்டால்

புயலில் வீட்டு மாமரம் வேரோடு சாய்ந்தால் அழுகை வரத்தான் செய்யும். தாத்தா வைத்த மரம், மூன்று தலைமுறைக்கு ஊறுகாய் தந்த மரம். அதை விறகுக் கணக்கில் பேசுகிறவர்களோடு வாதாட வேண்டாம். மரம் அறுப்பவர் வருவதற்குள் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது.

கொட்டையை நட்டால் அதே மரம் வராது. நீலம், பெங்களூரா போன்ற நம் ரகங்கள் ஒற்றைக்கரு வகை, அதாவது கொட்டைக்குள் ஒரே கருதான் இருக்கும். மகரந்தம் கலந்து பிறக்கும் கன்று தாயைப் போலக் காய்க்கும் என்ற உறுதி இல்லை. சாய்ந்த மரத்தின் குச்சியை வேறொரு மாங்கன்றில் பொருத்தி ஒட்டுக்கட்டினால்தான் அதே மரம்.

சாய்ந்த அன்றே, தவறினால் மறுநாள், பென்சில் கனத்தில் நுனிமொட்டு பருத்து இன்னும் விரியாத குச்சிகளை 10–15 செ.மீ. நீளத்துக்கு வெட்டுங்கள். உடனே காம்பு மட்டும் நிற்கும்படி இலைகளை நறுக்கிவிடுங்கள். விட்டுவைத்தால் குச்சியின் ஈரமெல்லாம் இலை வழியே போய்விடும். ஈரத்துணியில் சுற்றி நிழலில் வையுங்கள். தண்ணீரில் ஊறப்போடாதீர்கள்.

அதே கனமுள்ள மாங்கன்றின் தலையை வெட்டி, நடுவில் 3–4 செ.மீ. பிளந்து, இருபுறமும் ஆப்பு போலச் சீவிய குச்சியைச் செருக வேண்டும். ஒரு பக்கமாவது பட்டையோடு பட்டை கச்சிதமாகச் சேரட்டும். பல ஒட்டுகள் கெடுவது இங்கேதான். பாலித்தீன் நாடாவால் இறுக்கிக் கட்டி, மேலே சின்ன பாலித்தீன் உறையைக் கவிழ்த்துவிடுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் துளிர்க்கும். துளிர்த்ததும் உறையை எடுக்காவிட்டால் புழுங்கி அழுகும். ஒட்டுக்குக் கீழே வருவது வேறு மரத்தின் துளிர், தயங்காமல் கிள்ளுங்கள்.

எல்லாம் பிடிக்காது, சில குச்சிகள் கறுத்துவிடும். குறைந்தது பத்து ஒட்டாவது கட்டுங்கள்.