கால்வாயோரத்துக்கு ஏற்ற சைக்கிள்

விடுமுறையில் யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலுக்கு வந்து பத்து நாள் ஆகிறது. அடுத்த மாதம் லண்டனுக்குப் படிக்க வரும் அக்காவின் மகன், கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினான். "மாமா, அங்கே வந்ததும் இதை வாங்கலாமா?" வளைந்த ஹாண்டில், விரல் மொத்தத்தில் ரயர். மட்கார்ட் இல்லை, கரியர் இல்லை. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் நான் வாங்கியதும் இதே வகைதான்.

லண்டனில், அல்பேர்ட்டனில் எங்கள் வீட்டுக்குச் சற்றுத் தள்ளிக் கிராண்ட் யூனியன் கால்வாயின் பாடிங்டன் கிளை ஓடுகிறது. 1801இல் திறக்கப்பட்டது. ஹேய்ஸ் முதல் பாடிங்டன் வரை, நீர்மட்டம் மாறும் இடங்களில் படகை ஏற்றி இறக்கும் மதகு ஒன்றும் கிடையாது, அதனால் கரைப்பாதையில் மேடே இல்லை. ஓரிடத்தில் கால்வாய் பாலமேறி நெடுஞ்சாலையைக் கடக்கிறது. கீழே வாகனங்கள் விரைய, மேலே படகு நகரும். ஆறு என்றால் மழைக்கால வழுக்கையாறு மட்டுமே தெரிந்த எனக்கு, முதல் நாள் அங்கே இறங்கி நின்று பார்க்காமல் போக மனம் வரவில்லை. வேலையிடம் வரை ஏறக்குறைய 10 கிலோமீற்றர். ஒரு சிவப்பு விளக்கும் இல்லாத வழி.

ஆனால் அந்தப் பாதை குதிரைகள் படகை இழுத்துச் செல்லப் போட்டது. சில இடங்களில் தார், சில இடங்களில் சரளை, பழைய பாலங்களின் கீழே வழுக்கும் கல். எனக்குச் சைக்கிள் விற்றவர் பாரம் குறைவு, வேகம் அதிகம் என்றார். எந்த வழியால் ஓடப்போகிறேன் என்று கேட்கவில்லை. நவம்பரில் 5 மணிக்கே இருட்டிவிடும். அப்படியொரு மாலையில் பாலத்தின் கீழ் ஈர இலைகளில் பின்சில்லு சறுக்கியது. சுவர்ப்பக்கம் விழுந்ததால் முழங்காலோடு போயிற்று. மறுபக்கம் தண்ணீர். அந்தக் குளிர்காலத்திலேயே வேலி நறுக்கிய முட்கள் குத்தி மூன்று தடவை காற்றுப் போனது. மழை நாளில் முதுகெல்லாம் சேறு.

அதன்பின் நான் தேடியெடுத்தது பாவித்த சைக்கிள் ஒன்று. 40 மில்லிமீற்றர் அகல ரயர், உள்ளே முள்தடுப்புப் பட்டை. மழையில் காற்றைக் கொஞ்சம் குறைத்துவிட்டால் கல்லிலும் பிடித்து ஓடும். சக்கரத்தை முழுதாக மூடும் மட்கார்ட். கியர் எட்டு, பின்சில்லின் குடத்துக்குள்ளேயே அடங்கியவை; சரளைத் தூள் உள்ளே போகாது. சமதரையில் எட்டே தாராளம், கால்வாயிலிருந்து தெருவுக்கு ஏறும் சரிவில்தான் கியர் மாற்ற வேண்டிவரும். ஹாண்டில் நேரானதாக இருக்க வேண்டும், அதிக அகலம் கூடாது. தடுப்புக் கம்பிகளுக்கிடையே நுழைய வேண்டும். மின்சார சைக்கிளை நான் வேண்டாம் என்றே சொல்வேன். படிகளில் தூக்கிப் பார்த்தவர்களுக்குக் காரணம் தெரியும்.

பெல் கட்டாயம். அங்கே நடப்பவர்களுக்குத்தான் முதலிடம். தூண்டிலோடு இருக்கும் முதியவர், நாயோடு வரும் பிள்ளை, படகையே வீடாக்கிக் கரையில் விறகு அடுக்குபவர் எல்லோரும் அந்தப் பாதையில் வாழ்கிறவர்கள். தூரத்திலேயே இரண்டு தடவை அடித்து, வேகத்தைக் குறைத்துப் போக வேண்டும். விரைந்து போகிறவர்களுக்குத் தெரு இருக்கிறது.

முன்சில்லில் டைனமோ உள்ளதாகப் பார், விளக்கு எரியும் என்றபோது மருமகன், "அம்மப்பாவின் றலி சைக்கிளில் இருக்கிறதே, அதுவா?" என்றான். அதேதான், றலியில் பின்சில்லில் இருக்கிறது. தொண்ணூறுகளில் போரால் ஊரில் மின்சாரமும் இல்லை, பற்றறியும் இல்லை. அப்பா அந்த றலியைத் தலைகீழாக நிறுத்துவார். நான் பெடலைச் சுற்றுவேன், டைனமோவில் கொழுவிய வானொலியில் செய்தி வரும். கை ஓய்ந்தால் செய்தியும் ஓயும். சுற்றிலும் அயலவர் மூச்சடக்கி நிற்பார்கள். இன்றும் இருட்டில் கால்வாயோரம் என் சில்லு சுற்ற முன்னால் வெளிச்சம் விழும்போது அந்த முற்றம் நினைவில் வருகிறது.

ஊரில் சந்திக்குச் சந்தி ஒட்டுப் போடுபவர் உண்டு. கால்வாயோரத்தில் இல்லை. நேற்றுப் பின்னேரம் மருமகனைச் சந்திக் கடைக்கு அழைத்துப் போனேன். கடைக்கார அண்ணை ரியூபைக் கழற்றித் தண்ணீரில் அமிழ்த்தி, குமிழி வரும் இடத்தைக் காட்டினார். பிறகு உரஞ்சுதாளை இவன் கையில் கொடுத்தார். முதல் ஒட்டு ஒழுகியது. இரண்டாவது நின்றது.