பிரஷர் கோடு அசைந்த நாள்

நவம்பர் 12, இரவு 11.40

போளூர் பக்கத்திலிருந்து 34 வயதுப் பெண். களையெடுக்கும் வேலை. எட்டு நாளாகக் காய்ச்சல். பிரஷரை ஏற்றும் மருந்துகளான நாரட்ரினலின், வாசோபிரசின், அட்ரினலின் மூன்றும் ஓடியும் மேல் பிரஷர் 70-ஐத் தாண்டவில்லை. புடவையை மாற்றும்போதுதான் சிஸ்டர் கூப்பிட்டுக் காட்டினார்: இடது அக்குள் மடிப்பில், சிகரெட்டால் சுட்டதுபோல் கறுப்பாக ஒரு பொருக்கு. வலியில்லாத புண் என்பதால் அவருக்கே தெரிந்திருக்காது. உண்ணி கடித்த தடம் அது. உண்ணிக் காய்ச்சல் (ஸ்க்ரப் டைபஸ்). அதற்கான ஆன்டிபயாடிக்குகள் டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் இரண்டையும் நரம்பு வழியே ஏற்றுகிறோம்.

நவம்பர் 13, காலை 5.15

3 மணிக்கு எக்கோ (இதய ஸ்கேன்). இதயம் லேசாக நடுங்குகிறது, அவ்வளவுதான். ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் தன்னிடமுள்ள ரத்தத்தில் வெளியே தள்ளும் பங்கு (இஎஃப்) 15 சதவீதம்.

செப்டிக் ஷாக் (தொற்றால் பிரஷர் விழுந்துபோகும் நிலை) என்றாலே எக்மோ (ரத்தத்தை வெளியே எடுத்து, ஆக்சிஜன் ஏற்றி, மறுபடி உடலுக்குள் தள்ளும் மெஷின்) போடுவது தவறு என்று நினைப்பவள் நான். பலருக்கு ரத்தக்குழாய்கள்தான் தளர்ந்துபோயிருக்கும், இதயம் ஓரளவு நன்றாகவே அடிக்கும். அங்கே இந்த மெஷினால் பெரிய பலன் இல்லை. இவருக்குப் படுத்துவிட்டது இதயமே. இப்படிப்பட்டவர்களைப் பற்றி 2020-ல் லான்செட் மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. எக்மோ போட்ட 82 பேரில் 60 சதவீதம் பேர் 90 நாள் கடந்து உயிரோடு இருந்தார்கள். போடாத 130 பேரில் 25 சதவீதம்தான். யாருக்குப் போடுவது என்று குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த ஆய்வு அல்ல. ஆனாலும் விடிகாலை 3 மணிக்கு என் கையில் இருந்தது அதுதான்.

அந்தப் பெண்ணின் அண்ணனிடம் சொன்னேன். "ஜெயலலிதா அம்மாவுக்கும் எஸ்.பி.பி. சாருக்கும் வெச்சாங்களே, அதுவா டாக்டரம்மா?" அதற்குமேல் அவரால் பேச முடியவில்லை. "அதேதாங்க. ஆனா இது நோயைக் குணப்படுத்தாது. மருந்து வேலை செய்யற வரைக்கும் இதயத்தோட வேலையை இது பார்க்கும். ரத்தம் கசியலாம், காலுக்கு ரத்த ஓட்டம் குறையலாம்." எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

தொடைச் சிரையில் ஒரு குழாய், தமனியில் ஒன்று, காலுக்கு ரத்தம் போக இன்னொரு சின்னக் குழாய். நிமிடத்துக்கு 4 லிட்டர். ஒரு குழாயில் நாவல்பழ நிறத்தில் வெளியே போகிறது, மற்றதில் செக்கச்செவேலென்று திரும்பி வருகிறது.

நவம்பர் 14

மானிட்டரில் பிரஷர் கோடு தட்டை. எண் 65, துடிப்பு இல்லை. இதயத்தின் வால்வு திறக்காவிட்டால் உள்ளே ரத்தம் தேங்கி உறையும். அதனால் இதயத்தை வலுவாக அடிக்கவைக்கும் டோபுடமின் கொஞ்சம். குழாய் போட்ட இடத்தில் கசிவு, தட்டணுக்களும் குறைவு. ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் ஹெப்பாரினைக் குறைத்தோம். மணிக்கொரு தரம் சிஸ்டர்கள் பாதத்தில் டாப்ளர் கருவி வைத்து ரத்த ஓட்டத்தின் சத்தம் கேட்கிறார்கள்.

நவம்பர் 16, மாலை 4.20

கோட்டில் ஒரு மேடு. ஈசிஜியோடு சேர்ந்து மறுபடியும். சிஸ்டர் என் கையைப் பிடித்துக்கொண்டார். இஎஃப் 25.

நவம்பர் 18

மெஷினின் ஓட்டத்தை 1.5 லிட்டர் வரை குறைத்தும் பிரஷர் நின்றது. இஎஃப் 40. குழாய்களை எடுத்துவிட்டோம்.

நவம்பர் 21

வென்டிலேட்டரை நேற்றே எடுத்தாகிவிட்டது. குரல் கரகரக்கிறது. இரண்டு கால்களிலும் சுண்டுவிரல் கறுத்திருக்கிறது. அத்தனை நாரட்ரினலின் ஓடியதன் விலை. போர்வையை விலக்கி வெகுநேரம் பார்த்தார்.

"நடவுக்குச் சேத்துல இறங்க முடியுமா டாக்டரம்மா?"

நாளை சர்ஜன் வந்து பார்க்கிறார், அதுக்கப்புறம் சொல்றேம்மா என்றேன்.