டிரான்ஸ்டியூசரின் முகத்தில் ஒட்டும் காற்று

என் படகு ஆறு மீட்டர் நீளமுள்ள ஃபைபர் படகு. அதில் ஆழமானியை, அதாவது நீருக்குள் ஒலி அனுப்பி ஆழத்தை அளந்து திரையில் காட்டும் கருவியை, பொருத்திய முதல் பருவம் முழுவதும் ஒரே குறை என்னை அலைக்கழித்தது. நங்கூரமிட்டு நிற்கும்போதும் மெதுவாகச் செல்லும்போதும் அடித்தளம் திரையில் தெளிவாக விழும். மணிக்கு 12 கடல் மைல் வேகத்தைத் தாண்டியதும் ஆழத்தைக் காட்டும் எண் மினுங்கத் தொடங்கி, சிறிது நேரத்தில் எண்ணே மறைந்து வெறும் கோடுகள் மட்டும் நிற்கும். உணர்திறனை ஏற்றிப் பார்த்தேன், இறக்கிப் பார்த்தேன், மென்பொருளைப் புதுப்பித்தேன், மின்இணைப்பை மாற்றினேன். புதிய திரை வாங்கிவிடலாம் என்ற முடிவுக்கே வந்திருந்தேன். குறை திரையில் இல்லை. திரைக்குப் பல மீட்டர் பின்னால், தண்ணீருக்குள் இருந்தது. அதன்பின் நண்பர்களின் படகுகளிலும் இதே வேலையைப் பலமுறை செய்துவிட்டேன். திரையைக் குறை சொல்லித் தொடங்கிய பழுதுகளில் பெரும்பாலானவை நீருக்குள் ஒலியை அனுப்பி எதிரொலியை வாங்கும் டிரான்ஸ்டியூசரின் முகத்திலோ அதற்குப் போகும் கம்பியிலோதான் முடிந்தன.

கருவி செய்யும் வேலையை மனத்தில் வைத்துக்கொண்டால் இது ஏன் என்பது புரியும். ஆழமானி அடிப்படையில் ஒரு கடிகாரம். டிரான்ஸ்டியூசருக்குள் இருக்கும் பீசோ பீங்கான் வில்லை மின்துடிப்பைப் பெற்று அதிர்கிறது, ஒலியை நீருக்குள் அனுப்புகிறது, திரும்பி வரும் எதிரொலியை மறுபடியும் மின்துடிப்பாக்கித் தருகிறது. கடல்நீரில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1500 மீட்டர் செல்லும் என்பதால், 20 மீட்டர் ஆழத்துக்குப் போய்த் திரும்ப அதற்கு ஒரு நொடியில் நாற்பதில் ஒரு பங்குக்குச் சற்று மேலான நேரமே ஆகும். 1912இல் டைட்டானிக் மூழ்கிய பிறகு ஜெர்மனியின் அலெக்சாண்டர் பேம் 1913இல் எதிரொலி ஆழமானிக்குக் காப்புரிமை பெற்றதும், 1914இல் ரெஜினால்ட் ஃபெசன்டன் பனிமலையிலிருந்து எதிரொலியைப் பிடித்துக் காட்டியதும், முதல் உலகப்போர்க் காலத்தில் பால் லான்ஜவான் குவார்ட்ஸ் படிகத்தை அதிரவைத்து மீயொலியை உண்டாக்கியதும் இந்தக் கருவியின் வரலாறு. நூறாண்டு கடந்தும் தத்துவம் மாறவில்லை. நீரில் செல்லும் ஒலி காற்றைச் சந்தித்தால் ஏறக்குறைய முழுவதுமாகத் திரும்பிவிடும் என்ற உண்மையும் மாறவில்லை. டிரான்ஸ்டியூசரின் முகத்தில் குமிழிகளின் மெல்லிய படலம் ஒன்று படிந்தாலே போதும், அந்தக் கடிகாரத்துக்குக் கேட்க எதுவும் இருக்காது.

ஆகவே பொருத்தும் வேலையில் பாதி, எங்கே நீர் குமிழியின்றி ஓடுகிறது என்று தேடுவதுதான். படகின் பின்முனையை மூடும் பின்பலகையில் பொருத்துவதானால் புரொப்பல்லரிலிருந்து குறைந்தது 40 சென்டிமீட்டராவது விலகியிருக்க வேண்டும் என்று நான் கணக்கு வைத்திருக்கிறேன். பின்னால் நின்று பார்க்கையில் வலஞ்சுழியாகச் சுற்றும் புரொப்பல்லரின் அலகுகள் வலப்பக்கத்தில் கீழ்நோக்கி இறங்கும் என்பதால், அத்தகைய படகில் வலப்பக்கமே ஏற்ற இடம். ஃபைபர் படகில் டிரான்ஸ்டியூசரின் முகம் படகின் அடிமட்டத்துக்குக் கீழே 3 மில்லிமீட்டரும், அலுமினியப் படகில் 10 மில்லிமீட்டரும் இறங்கியிருக்கட்டும் என்பது தயாரிப்பாளர் பலர் தரும் அளவு. அதன் பின்முனை முன்முனையைவிட மிகச் சிறிதளவு தாழ்ந்திருந்தால், ஓடும் நீர் முகத்தோடு ஒட்டிச் செல்லும். அளவுகளைக் கண்மதிப்பில் விட்டுவிடாமல், படகின் அடிப்பரப்பை ஒட்டி நேரான சட்டம் ஒன்றைப் பின்னோக்கி நீட்டிப் பிடித்து அளந்து பாருங்கள். 3 மில்லிமீட்டர் என்பது கையால் உணரக்கூடிய அளவுதான்.

என் படகில் இந்த அளவுகளெல்லாம் சரியாகவே இருந்தன. படகைக் கரையேற்றி வைத்திருந்த ஒரு நாள், டிரான்ஸ்டியூசரின் நடுப்புள்ளியிலிருந்து முன்னோக்கி, படகின் நடுக்கோட்டுக்கு இணையாக, சாக்பீஸால் ஒரு கோடு இழுத்தேன். மல்லாந்து படுத்துக்கொண்டு இழுத்த அந்தக் கோடு இரண்டடி தூரம்கூடப் போகவில்லை. அடிப்பாகத்தில் நீளவாட்டில் ஓடும் புடைப்பு வரி ஒன்று சட்டென முடியும் இடத்தில் போய் முட்டியது. வேகம் கூடும்போது அந்த முனையிலிருந்து கிளம்பிய குமிழிகள் அத்தனையும் நேராக டிரான்ஸ்டியூசரின் முகத்துக்குத்தான் வந்துகொண்டிருந்தன. 11 சென்டிமீட்டர் தள்ளிப் பொருத்தினேன். பழைய துளைகளைக் கடல்நீர் தாங்கும் பசையால் அடைத்தேன். அன்று மாலையே 20 கடல் மைல் வேகத்திலும் எண் அசையாமல் நின்றது. இப்போதெல்லாம் துளையிடுவதற்கு முன்பே இந்தச் சாக்பீஸ் கோட்டை இழுத்துவிடுகிறேன். வரியோ, ரிவெட் வரிசையோ, நீர் உள்ளிழுக்கும் துளையோ அந்தக் கோட்டில் இருந்தால் அந்த இடம் ஆகாது. பின்பலகையில் முதலில் ஒரு பிளாஸ்டிக் பலகையை ஒட்டி, அதன்மேல் டிரான்ஸ்டியூசரைத் திருகினால், இடம் மாற்றும் ஒவ்வொரு முறையும் படகைத் துளைக்க வேண்டியதில்லை.

படகின் அடியைத் துளைத்துப் பொருத்தும் வகையில் உலோகத் தேர்வுதான் முதன்மையானது. அலுமினிய உடலில் வெண்கல உறையைப் பொருத்தினால் மின்வேதி அரிப்பில் அலுமினியம் தின்னப்பட்டுவிடும். மரப்படகில் பிளாஸ்டிக் உறையைப் பொருத்தினால், நீர் குடித்து ஊதும் மரம் அதை விரிசல் விடச் செய்யும். ஃபைபருக்கும் மரத்துக்கும் வெண்கலம், அலுமினியத்துக்கும் எஃகுக்கும் துருப்பிடிக்காத எஃகு என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். ஏராக்கட்டையிலிருந்து (அடிப்பாகத்தின் நடுவே நீளவாட்டில் ஓடும் கட்டை) படகின் அடி சாய்வாக ஏறுமானால், அந்தச் சாய்வை ஈடுகட்டும் கட்டையோ, சாய்த்து அமைத்த வில்லை கொண்ட டிரான்ஸ்டியூசரோ வேண்டும். இல்லையேல் ஒலிக்கற்றை பக்கவாட்டில் போய் அடித்தளத்தைத் தவறவிடும்.

துளையே போடாமல், ஃபைபர் உடலின் உட்புறத்தில் ஒட்டி, அதன் வழியாகவே ஒலியை அனுப்பும் முறையும் உண்டு. நுரையோ பால்சா மரமோ நடுவில் வைத்த உடலில் இது வேலை செய்யாது. ஒட்டும் இடம் திண்ணமான ஃபைபராக இருக்க வேண்டும். நீரின் வெப்பநிலையையும் இந்த முறையில் சரியாக அளக்க முடியாது. ஒட்டுவதற்கு முன் சோதித்துப் பாருங்கள். டிரான்ஸ்டியூசரை முதலில் படகின் வெளியே நீரில் தொங்கவிட்டுத் திரையைக் கவனியுங்கள். பிறகு அதே இடத்தில், உள்ளே சிறிது நீர் ஊற்றி, அந்த நீரில் முகம் மூழ்க அழுத்திப் பிடித்துப் பாருங்கள். ஆழம் மிகுந்த இடத்தில் இரண்டு படங்களுக்கும் பெரிய வேறுபாடு இல்லையென்றால் அந்த இடம் சரி. நான் முதன்முதலில் ஒட்டியபோது எபாக்சிப் பசையை வேகமாகக் கலக்கிவிட்டேன். கலவைக்குள் கடுகளவுக் குமிழிகள் புகுந்துகொண்டன. ஐந்து மீட்டர் ஆழம் வரை காட்டிய கருவி, பதினைந்து மீட்டரில் குருடாகிவிட்டது. இறுகிய எபாக்சியை உளியால் பெயர்த்தெடுத்தபோது, முகம் பதிந்திருந்த இடத்தில் தேன்கூடுபோலச் சிறுசிறு குழிகள் இருந்தன. இரண்டாம் முறை மெதுவாகக் கலந்து, சிறிது நேரம் விட்டுக் குமிழிகள் மேலேறிய பின் ஊற்றி, டிரான்ஸ்டியூசரைத் திருகியபடியே அழுத்தி அடியிலிருந்த காற்றை வெளியேற்றினேன். அது இன்றுவரை அப்படியே இருக்கிறது.

கம்பியைப் பற்றி ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். டிரான்ஸ்டியூசரின் கம்பி நீளமாக இருக்கிறது என்பதற்காக அதை வெட்டிச் சுருக்காதீர்கள். வெட்டி ஒட்டிய இணைப்பில் காப்புறை அறுந்து, சுற்றிலுமுள்ள மின்இரைச்சல் எல்லாம் உள்ளே வரும். வி.எச்.எஃப். ரேடியோவின் கம்பியோடும் இன்ஜின் கம்பிகளோடும் சேர்த்துக் கட்டாமல் தனிவழியே கொண்டுபோங்கள். மின்சாரத்தை வேறு கருவிகளோடு பங்கிடாமல், ஃபியூஸ் வைத்து பேட்டரியிலிருந்து நேராக எடுப்பது நல்லது. இன்ஜினைக் கிளப்பும்போது திரை அணைந்து மீண்டும் எரிந்தால், மின்னழுத்தம் அந்த நேரத்தில் சரிகிறது என்று பொருள். மல்டிமீட்டரைத் திரையின் பின்பக்க இணைப்பில் வைத்து அளக்க வேண்டும், பேட்டரியில் வைத்து அல்ல. பேட்டரியில் 12.6 வோல்ட் இருந்த ஒரு படகில், திரைக்கு வந்து சேர்ந்தது 11.1 வோல்ட்தான், பச்சை பூத்திருந்த ஓர் இணைப்பு மீதத்தை விழுங்கியிருந்தது.

அமைப்புகளில், நான் விட்ட பெரிய தவறு ஆழத்தின் ஈடுகட்டும் எண்ணில். கருவி அளப்பது டிரான்ஸ்டியூசரின் முகத்திலிருந்து அடித்தளம் வரையுள்ள தூரம். நீர்மட்டத்திலிருந்து ஆழம் வேண்டுமானால், நீர்மட்டத்துக்கும் முகத்துக்கும் இடையேயுள்ள தூரத்தைக் கூட்ட வேண்டும். படகின் மிகத் தாழ்ந்த புள்ளிக்கு அடியில் எவ்வளவு நீர் இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால், முகத்திலிருந்து அந்தப் புள்ளி வரையுள்ள தூரத்தைக் கழிக்க வேண்டும். என் படகில் இன்ஜினின் கீழ்முனை டிரான்ஸ்டியூசரைவிட 0.5 மீட்டர் தாழ்ந்தது. கழித்தல் குறி போட வேண்டிய இடத்தில் அதை விட்டுவிட்டு 0.5 என்று மட்டும் பதிந்தேன். சில வாரங்கள் கழித்து ஒரு மணல்திட்டின் ஓரம், திரை 1.0 மீட்டர் என்று காட்டிக்கொண்டிருந்தபோதே இன்ஜினின் கீழ்முனை மணலை உழுதது. மென்மணல் என்பதால் சேதம் இல்லை. பாறையாக இருந்திருந்தால் கியர்பெட்டி உடைந்திருக்கும். இந்த எண்ணைப் பதிந்தவுடன், ஆழம் தெரிந்த இடத்தில் நின்று சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஒரு படகைப் பலர் ஓட்டுவதானால், திரையில் தெரிவது எந்த ஆழம் என்பதை எழுதித் திரையருகிலேயே ஒட்டிவையுங்கள்.

அதிர்வெண் தேர்வு அவ்வளவு சிக்கலானதல்ல. 200 கிலோஹெர்ட்ஸ் குறுகிய கற்றையில் நுணுக்கமாகக் காட்டும். 50 கிலோஹெர்ட்ஸ் அகன்று, ஆழமாகச் செல்லும். 12 பாகைக் கற்றை 20 மீட்டர் ஆழத்தில் சுமார் நான்கு மீட்டர் அகலத்தைப் பார்க்கும். 45 பாகைக் கற்றை பதினாறு மீட்டருக்கு மேல் பார்க்கும். சரிவான அடித்தளத்தில் அகன்ற கற்றை தன் வட்டத்துக்குள் மிக அருகிலுள்ள மேட்டின் ஆழத்தையே காட்டும் என்பதை மறக்க வேண்டாம். ஆழம் குறைந்த, கெட்டியான தளத்தில் ஒலி இருமுறை போய்வந்து, 4 மீட்டரை 8 மீட்டர் என்று கருவி நம்பிவிடுவதும் உண்டு. உணர்திறனைக் குறைத்து, ஆழ எல்லையைக் கையால் அமைத்தால் அது சரியாகும். டிரான்ஸ்டியூசர் இணைக்கப்படாதபோது சில கருவிகள் தாமாகவே மாதிரிக் காட்சிக்கு மாறி, இல்லாத அடித்தளத்தையும் இல்லாத மீனையும் ஓடவிடும். கரையேற்றி வைத்த படகின் திரையில் மீன் நீந்தினால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

திரையில் புள்ளிகளும் செங்குத்துக் கோடுகளும் தோன்றினால் நான் கடைப்பிடிக்கும் ஒழுங்கு இது. நங்கூரமிட்டு, இன்ஜினையும் மற்ற எல்லாக் கருவிகளையும் அணைத்துவிட்டு ஆழமானியை மட்டும் ஓட்டுவேன். படம் சுத்தமாக இருந்தால், பம்பு, ரேடியோ, விளக்கு என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பேன். கடைசியாக இன்ஜினைக் கிளப்பி, நியூட்ரலில் வைத்தே சுழற்சியை ஏற்றுவேன். சுழற்சியோடு சேர்ந்து இரைச்சலும் கூடினால் அது மின்சாரத்தின் வழியே வருவது. நியூட்ரலில் சுத்தமாக இருந்து, படகு ஓடும்போது மட்டும் கலங்கினால் அது நீரோட்டத்தின் குமிழிகள், மறுபடியும் சாக்பீஸ் கோட்டுக்குத்தான் போக வேண்டும். மின்இரைச்சல் என்று உறுதியானால், டிரான்ஸ்டியூசரின் கம்பியைத் திரையிலிருந்து கழற்றிப் பார்க்கலாம்: இரைச்சல் நீடித்தால் அது மின்இணைப்பு வழியாக வருகிறது, மறைந்தால் டிரான்ஸ்டியூசரின் கம்பி வழியாக வருகிறது. அருகிலுள்ள இன்னொரு படகு அதே அதிர்வெண்ணில் ஒலி அனுப்பினாலும் சாய்ந்த புள்ளிக்கோடுகள் விழும். அது உங்கள் கருவியின் குறை அல்ல.

பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றுமில்லை. முகத்தில் படியும் பாசியையும் சிப்பியையும் மென்துணியால் துடைக்க வேண்டும்; அசிட்டோன் போன்ற கரைப்பான்கள் பிளாஸ்டிக்கைக் கெடுத்துவிடும். பாசித்தடுப்பு வண்ணம் பூசுவதானால் நீரை அடிப்படையாகக் கொண்ட வகையை மெல்லிதாகப் பூசலாம். புதிய டிரான்ஸ்டியூசரின் முகத்தில் எண்ணெய்ப்பசை இருந்தால் நீர் ஒட்டாமல் காற்று ஒட்டும் என்பதால், படகை இறக்குவதற்கு முன் சோப்பு நீரால் ஒருமுறை தடவிவிடுகிறேன்.

பருவத்தின் முதல் நாள், ஒவ்வொரு மீட்டருக்கும் முடிச்சிட்ட கயிற்றின் நுனியில் ஈயக்குண்டைக் கட்டி இறக்கி, திரையோடு ஒப்பிட்டுப் பார்ப்பது என் வழக்கம். வெதுவெதுப்பான கடல்நீரில் ஒலி நொடிக்கு 1500 மீட்டரைவிடச் சற்று விரைவாகவே போகும் என்பதால், கருவி உண்மையைவிட ஓரிரு விழுக்காடு குறைவாகக் காட்டுவது இயல்பு. இந்தப் பருவத்தில் ஈடுகட்டும் எண்ணைச் சேர்த்துப் பார்த்தபோது, கயிறு 7.2 மீட்டர் என்றது, திரை 7.1 என்றது.