ஃபோர் பை ஃபோர் ஏறும்ங்க, ஆனா நிக்காது

போன பிப்ரவரி இமாச்சல் மலையில இருக்குற ஸ்பிதி போயிட்டு வந்ததுல இருந்து ஆபீஸ்ல, சொந்தக்காரங்க வீட்ல, எங்க போனாலும் ஒரே கேள்வி, "பனியில வண்டி ஓட்டுனியாமே, எப்படிப்பா இருந்துச்சு"ன்னு. ரீல்ஸ்ல வர்ற மாதிரி பனியச் சிதறடிச்சுக்கிட்டு போறதெல்லாம் பத்து செகண்ட்தாங்க, மீதி நேரம் பூரா வயித்துல புளியக் கரைச்ச கதைதான்.

நான் பொள்ளாச்சிக்காரன். வால்பாறை ரோட்டுல 40 கொண்டை ஊசி வளைவையும் தூக்கத்துலயே ஓட்டுவேன்னு ஒரு திமிரு இருந்துச்சு. சண்டிகர்ல வேலை பாக்குற ஃப்ரெண்டு மஹிந்திரா தார் ஜீப் வாங்கியிருந்தான், "மச்சான் ஃபோர் பை ஃபோர்டா, நாலு சக்கரமும் இழுக்கும், எங்க வேணா ஏறும்"னான், சரின்னு கிளம்பிட்டோம். குளிர்காலத்துல மணாலி பக்கமிருந்து போற குன்சும் கணவாய் மூடியிருக்கும், அதனால சிம்லா, கின்னௌர், நாக்கோன்னு சுத்தித்தான் ஸ்பிதியோட மெயின் ஊரான காசா போகணும். அந்த மெயின் ரோட்டுல ஜேசிபி பனிய அள்ளிக்கிட்டே இருக்கும், பெருசா பிரச்சனை இல்ல. காசாவத் தாண்டி லாங்ஸா கிராமத்துக்கு மேல ஏறுற ரோட்டுலதான் எங்க வாலச் சுருட்ட வச்சாங்க. பதினஞ்சு கிலோமீட்டர் இருக்கும், உசரம் 14,000 அடிக்கு மேல, ரோடு எது பள்ளம் எதுன்னு தெரியாம எல்லாமே வெள்ளை.

ஏறுறப்ப ஒரு பிரச்சனையும் இல்ல, அதான் பெரிய ஏமாத்து வேலை. நாலு சக்கரமும் இழுக்குது, வண்டி அசராம போகுது, நமக்கு தைரியம் ஏறுது. ஆனா பிரேக் எல்லா வண்டிக்கும் நாலு சக்கரத்துலதானே, ஃபோர் பை ஃபோர்னு அதுல தனியா ஒண்ணும் கெடையாது. ஒரு சின்ன இறக்கத்துல, வளைவுக்கு முன்னாடி நம்மூர் பழக்கத்துல பிரேக்க மிதிச்சேன். சக்கரம் பூட்டிக்காம பிரேக்க விட்டு விட்டுப் பிடிக்கிற ஏபிஎஸ் கால்ல கடகடன்னு அடிக்குது, ஸ்டீயரிங்க திருப்புறேன், வண்டி அதுபாட்டுக்கு நேரா போகுது. சத்தமே இல்லாம போகுதுங்க, அதான் பயமே. மேல பவுடர் மாதிரி புதுப் பனி, அடியில கண்ணாடி மாதிரி ஐஸ். என்ன தோணுச்சோ பிரேக்க விட்டேன், டயர் கொஞ்சம் பிடிச்சது, மலைப் பக்கம் இருந்த பனி மேட்டுல கொண்டு போய் சொருகிட்டேன். பள்ளத்துப் பக்கம் போயிருந்தா இந்தப் பதிவே இல்ல.

சொருகினது தப்பு இல்ல, அதுக்கப்புறம் நான் பண்ணதுதான் தப்பு. ரிவர்ஸ் போட்டு ஆக்சிலேட்டர அமுக்கு அமுக்குன்னு அமுக்குனேன். டயர் சுத்துறப்ப சூட்டுல பனி உருகி மறுபடி உறைஞ்சு, டயருக்கு அடியிலயே வழவழன்னு ஒரு குழி. வண்டி பம்பர் வரைக்கும் உக்காந்துருச்சு.

நாங்க தங்கியிருந்த ஹோம்ஸ்டே தம்பி பின்னாடி ஒரு பழைய ஜீப்ல வந்துக்கிட்டு இருந்தாரு. எறங்கி வந்து எதுவும் பேசல, சாவிய திருப்பி இஞ்சின முதல்ல நிறுத்துனாரு. அப்புறம் பின்னாடி போய் சைலன்சர் வாய அடைச்சிருந்த பனிய கையால தோண்டி எடுத்தாரு. அப்பதான் எனக்கு உறைச்சது. 2022 ஜனவரியில பாகிஸ்தான்ல முரீங்கற ஊர்ல பனியில மாட்டிக்கிட்ட கார்களுக்குள்ள 20 பேருக்கு மேல செத்துப்போனாங்க, அதுல பல பேரு குளிருக்கு இஞ்சின ஓடவிட்டு உக்காந்திருந்து கார்பன் மோனாக்சைடு உள்ள வந்துதான் போனாங்கன்னு சொன்னாங்க. அந்த வாயுவுக்கு வாசமும் கெடையாது நிறமும் கெடையாது. பனியில மாட்டினா ஹீட்டர் போடுறதுக்கு முன்னாடி சைலன்சரப் பாருங்க, ஜன்னல ஒரு விரல் அளவாவது திறந்து வைங்க, இத மட்டும் மறந்துடாதீங்க.

அப்புறம் மண்வெட்டிய எடுத்து டயருக்கு முன்ன பின்ன, வண்டி வயித்துக்கு அடியில எல்லாம் வழிச்சோம். அரை மணி நேரம், அந்த உசரத்துல நாலு வெட்டு வெட்டுனா மூச்சு வாங்குது. டயர் காத்த 20 பிஎஸ்ஐக்கு இறக்குனாரு, டயர் அகலமா படிஞ்சா பனி மேல மெதக்குமாம். (குளிர் 10 டிகிரி இறங்குனாலே காத்து ரெண்டு பிஎஸ்ஐ கிட்ட தானா குறையும், அதனால கேஜும் பம்பும் கையில இல்லாம இந்த விளையாட்டு வேணாம், தார் ரோட்டுக்கு வந்ததும் திரும்ப அடிக்கணும்.) டயருக்கு அடியில போட எதாச்சும் இருக்கான்னு கேட்டாரு. கிளம்புறப்ப நான் வீட்ல இருந்து தேங்கா நார் மிதியடி ரெண்டு தூக்கிட்டு வந்திருந்தேன், பொள்ளாச்சில அதுக்கா பஞ்சம். அதப் போட்டு, ஃபோர் லோவுல (நாலு சக்கரமும் மெதுவா, ஆனா பலமா இழுக்குற கியர்) ரிவர்ஸ், ஆக்சிலேட்டர் மேல கால் வச்சும் வைக்காத மாதிரி, ஸ்டீயரிங் நேரா. வண்டி மெதுவா ஏறி வெளிய வந்துருச்சு. ஃப்ரெண்ட டயருக்கு முன்னாடி நிக்கவிடாம தள்ளிவிட்டாரு, ஏன்னு அப்பதான் தெரிஞ்சது, மிதியடி அம்பு மாதிரி பறந்து போய் பள்ளத்துல விழுந்துச்சு.

பனியில வழுக்காம இருக்க டயர்ல மாட்டுற செயின் இருந்துச்சுங்க, டிக்கில, பிரிக்காத பாக்கெட்டோட. அத மாட்ட பழகாம வந்ததுக்கு அந்தத் தம்பி சிரிச்ச சிரிப்பு இருக்கே. கைவிரல் மரத்துப்போன குளிர்ல யூடியூப் பாத்து கத்துக்க முடியாது, வீட்டு வாசல்ல ரெண்டு தடவை மாட்டிக் கழட்டிப் பாத்துட்டு வாங்க. மாட்டினதும் நூறு மீட்டர் போய் நிறுத்தி மறுபடி இறுக்கணும், 30 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல போகக்கூடாது.

லாங்ஸா போகல. மதியம் ஆயிடுச்சு, வெயில்ல மேலாக உருகுன தண்ணி சாயங்காலம் ஐஸாயிடும், அதுக்குள்ள இறங்கிடலாம்னாரு, நாங்களும் வாயத் திறக்கல. ஃபர்ஸ்ட் கியர், ஃபோர் லோ, பிரேக் பக்கமே கால் போகாம, நடக்குற வேகத்துல இறங்குனோம். வண்டிக்குள்ள ஏறுறதுக்கு முன்னாடி ஷூவத் தட்டச் சொன்னாரு, அடியில ஒட்டுன பனி உருகுனா பெடல்ல கால் வழுக்குமாம். ராத்திரி நிறுத்துறப்ப ஹேண்ட் பிரேக் போடாதீங்க, உறைஞ்சு பிடிச்சுக்கும்னு சொல்லி, கியர்ல விட்டு சக்கரத்துக்கு கல்லு வைக்க வச்சாரு. காசாவுல அன்னைக்கு ராத்திரி மைனஸ் 20 கிட்ட.

ஊருக்கு வந்து ரெண்டு மாசம் ஆச்சு. வாசல்ல இருந்த மிதியடி எங்கடான்னு அம்மா இன்னும் கேக்குறாங்க, வண்டில இருக்கும்மான்னு சொல்லி வச்சிருக்கேன்.