புல்லைக் குளிப்பாட்டிய நாட்கள்

இடம் முப்பது சதுர மீட்டர்தான். பாய் மாதிரி சுருட்டி வந்த புல்லை ஒரு சனிக்கிழமை காலையில் விரித்து முடித்தோம். முதுகு விட்டுப்போயிருந்தது. பத்து நிமிடம் ஹோஸைப் பிடித்தேன், நுனியெல்லாம் பளபளத்தது. போதும் என்று உள்ளே வந்துவிட்டேன். அடுத்த மூன்று நாளும் இதே கதைதான்.

நான்காம் நாள் மாலை பார்த்தால், நடந்த தடம் அப்படியே நிற்கிறது. மிதிபட்ட புல் நிமிரவில்லை. பச்சை மங்கி, நீலம் கலந்த சாம்பல் நிறம். துண்டுக்கும் துண்டுக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி. மூலைத் துண்டைத் தூக்கினேன். புல்லோடு ஒட்டி வந்த மண்ணில் ஈரம் இருந்தது. அதற்கு அடியில், நாங்கள் கொத்திப் பரப்பிய மண், ஊதினால் பறக்கும் புழுதி.

"நீ புல்லைக் குளிப்பாட்டுறே, அது குடிக்கவே இல்லை" என்றாள் அம்மா. கோபம் வந்தது. ஆனால் அவள் சொன்னது சரி.

ஒரு வாளியை வைத்துக் கணக்குப் போட்டேன். என் ஹோஸ் நிமிடத்துக்கு 12 லிட்டர் விடுகிறது. பத்து நிமிடத்துக்கு 120 லிட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் விழுந்தால் ஒரு மில்லிமீட்டர் மழைக்குச் சமம். ஆக, நான் தினமும் பெய்தது வெறும் 4 மில்லிமீட்டர்! அது மேல் மண்ணைத் தாண்டி அடியில் இறங்குவதற்குள் வெயில் குடித்துவிடும். பெயர்த்து எடுக்கும்போதே புல்லின் வேரில் பெரும்பகுதி அறுந்து பழைய நிலத்திலேயே தங்கிவிடுகிறது. மிச்சமிருப்பது விரல் தடிமன் மண்ணும் கொஞ்சம் வேரும்தான். அடி மண் காய்ந்திருந்தால் புது வேர் எங்கே இறங்கும்?

முதல் நாளே அடி மண் அரைச் சாண் ஆழத்துக்காவது நனைந்திருக்க வேண்டும். அதற்கு 25 மில்லிமீட்டர் என்று வைத்தாலும் 750 லிட்டர், அதாவது ஒரு மணி நேரத்துக்கு மேல் ஹோஸ் பிடிக்க வேண்டும். எங்கள் மண் களிமண் வேறு. ஒரே மூச்சில் விட்டால் வழிந்து வாசலுக்குப் போய்விடும். பத்து நிமிடம் விட்டு, ஊறும் வரை நிறுத்தி, மறுபடி விட்டேன். விதை போட்டவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்கள் மேல் மண் காயாமல் நாளைக்கு இரண்டு மூன்று தடவை பூவாளியில் மெல்லத் தூவினால் போதும். வேகமாக விட்டால் விதையே மிதந்து ஓடிவிடும்.

பயத்தில் அப்புறம் நான் மறு எல்லைக்குப் போனேன். காலை, மதியம், மாலை என்று மூன்று வேளை. மூன்றே நாளில் கால் வைத்தால் சளக் சளக். மண்ணில் காற்றே இல்லாவிட்டால் வேர் அழுகும் என்று தெரிந்துதான் செய்தேன், அதுதான் வேடிக்கை. பிறகு விரலை விட்டுப் பார்த்து ஈரம் இருந்தால் விட்டுவிடுவது என்று வைத்துக்கொண்டேன். மாலை நேரத்தையும் கைவிட்டேன்; ராத்திரி முழுக்க இலை நனைந்து கிடந்தால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். காலையில்தான் தண்ணீர். கடும் வெயில் நாளில் மட்டும் மதியம் ஒரு தடவை. சிமெண்ட் நடைபாதையை ஒட்டிய ஓரம் எப்போதும் முதலில் காய்ந்தது, அங்கே மட்டும் கூடுதலாக ஒரு சுற்று.

மூன்றாம் வாரம் ஒரு துண்டைப் பிடித்து மெல்ல இழுத்தேன். வரவில்லை. அன்றிலிருந்து தினசரித் தண்ணீரை நிறுத்தி, ஒரு நாள் விட்டு ஒரு நாள், பிறகு வாரத்துக்கு இரண்டே தடவை, ஆனால் ஆழமாக. எனக்கு இதுதான் கஷ்டமாக இருந்தது. கை தானாக ஹோஸைத் தேடும். தண்ணீர் மேலேயே கிடைத்தால் வேர் சோம்பேறியாகிவிடும் என்று எனக்கே சொல்லிக்கொள்வேன்.

இப்போது எல்லாம் பிடித்துவிட்டது, மூலைத் துண்டைத் தவிர. அடி மண் நனைந்திருக்கிறதா என்று தினமும் தூக்கிப் பார்த்தேனே, அதே துண்டுதான்.